இரண்டு பேருக்கும் ஊசி

விழுப்புரம்
6-9-1984

அன்புள்ள மாப்பிள்ளை வேங்கடேசன் அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பத்து நாள் பொறுத்தேன், இனி முடியாது. இங்கே நானும் என் மனைவி ருக்குவும் நலம். நீங்களும் என் தங்கை தையல்நாயகியும் நலமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், உறவு கொண்டாட அல்ல. வீட்டு முகவரிக்கு எழுதினால் உங்கள் அப்பா முன்னிலையில் உரக்கப் படிக்கப்படும். அதனால்தான் நீங்கள் லாரி நிறுத்தும் செட்டுக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஆகஸ்ட் 27, திங்கட்கிழமை, எங்கள் ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு ஒருவர் வந்தார். மாயவன், வயது முப்பத்து நான்கு, மரக்காணம், மீன்பிடித் தொழில் என்று பதிந்துவிட்டு ரத்தம் கொடுத்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் குழாய்களோடு உட்கார்ந்திருந்தேன். "ஜல்தி குத்திடுங்க சார், லோடு நிக்குது" என்ற குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். கடலுக்குப் போகிறவர் கட்டைவிரலில் கிரீஸ் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மாயவன்தான்.

வியாழக்கிழமை முடிவு வாங்க மாயவன் வரவில்லை. ஆகவே நானே சொல்கிறேன். வி.டி.ஆர்.எல். பரிசோதனையில், முப்பத்திரண்டு மடங்கு நீர்த்த பிறகும் அந்த ரத்தம் எதிர்வினை காட்டியது. நோயின் பெயர் சிபிலிஸ். ஊரில் கிரந்தி என்பார்கள்.

தையலு மூன்று மாதம் என்று மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1981-ல் எட்டாம் மாதம் ஒன்று, போன வருஷம் ஏழாம் மாதம் ஒன்று, இரண்டு பிள்ளைகளும் உயிரில்லாமல் பிறந்தன. உங்கள் வீட்டில் அதற்குச் சொல்லும் காரணமும் என் காதுக்கு வந்தது. வளைகாப்பில் அண்ணன்காரன் சாப்பிடாமல் எழுந்து போனானாம், அவன் வயிற்றெரிச்சலாம். மாப்பிள்ளை, வயிற்றெரிச்சலுக்கு நான் பரிசோதனை செய்து பார்த்ததில்லை. ரத்தத்துக்குப் பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். காரணம் குழாயில் இருக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் மூன்றாவதும் நிலைக்காமல் போகலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலையே உங்கள் அப்பாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். மிக நன்றாக வந்தது. மை காய்வதற்குள் கிழித்துப் போட்டேன். கையெழுத்தில்லாத காகிதத்தை மணியக்காரராக இருந்த அவர் தொடமாட்டார் என்பது ஒரு பக்கம். நோயாளியின் முடிவை இன்னொருவருக்குச் சொல்வது எங்கள் தொழிலுக்கு அடுக்காது என்பது மறுபக்கம். பதவி உயர்வு தராத அரசாங்கம் எனக்கு விட்டுவைத்த மரியாதை அது ஒன்றுதான்.

ஊசி இலவசம். வியாழக்கிழமை வாருங்கள். தையலுவையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
அ. சுப்பராயலு, பி.எஸ்ஸி.,
ஆய்வக நுட்பநர்


திண்டிவனம்
19-9-84

மதிப்புள்ள மச்சானுக்கு வேங்கடேசன் வணக்கம். இங்க எல்லாரும் சௌக்கியம். ருக்கு அக்காவுக்கு மூட்டு வலி தேவலையா?

நீங்க எழுதனது கெடச்சிது. யாரையோ பாத்துட்டு நான்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. அன்னிக்கி நான் உப்பு ஏத்திக்கினு ஐதராபாத் ரூட்டுல இருந்தேன். ஒரே மாதிரி கொரலு இருக்கறவங்க ஊர்ல எத்தினியோ பேரு.

இருந்தாலும் கேக்கறேன். எனக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தன் இருக்கறான். நல்லவன்தான், சேர்க்கை சரியில்ல. நாலு வருஷத்துக்கு முன்ன அவனுக்கு அந்த எடத்துல ஒரு புண்ணு வந்துது. வலியே இல்ல. மாசாமாசம் பாண்டிச்சேரி லாட்ஜுல வந்து தங்கற வைத்தியர் ஒருத்தர் பொடி குடுத்து, நாப்பது நாளு உப்பில்லாம சாப்புடச் சொன்னாரு. உப்பு லாரி ஓட்றவன் உப்பில்லாம சாப்ட்டான் மச்சான். புண்ணு ஆறிப்போச்சி. அப்புறம் உள்ளங்கையில செம்புக்காசு மாதிரி தடிப்பு. அரிப்பு இல்ல, எரிச்சல் இல்ல. அதுவும் தானா போயிடுச்சி.

அப்ப அவனுக்குக் கொணமாயிட்டுதுதான? அவன் பொண்டாட்டிக்கு ஒண்ணுமே இல்ல, நல்லாதான் இருக்குது. அதுக்கு எதுக்கு ஊசி? அந்த ஊசி ரொம்ப வலிக்கும்னு சொல்றாங்களே, நெஜமா?

அவன் கேக்கச் சொன்னான். எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு.

உங்க மாப்பிள்ளை
வேங்கடேசன்


விழுப்புரம்
22-9-1984

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். ருக்குவின் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது; கேட்டதற்கு நன்றி என்று சொல்லச் சொன்னாள்.

உங்கள் டிரைவர் நண்பர் உப்பு லாரி ஓட்டுகிறவர் என்பதை அவரே சொல்லிவிட்டார். நல்லது. அவருக்கு நான் எழுதுவதைச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் புண் பொடி தின்றாலும் ஆறும், தின்னாவிட்டாலும் ஆறும். லாட்ஜ் வைத்தியர்களின் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. புண் ஆறியதும் நோயாளி கும்பிட்டுவிட்டுப் போகிறான். நோய் ரத்தத்துக்குள் போகிறது. சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரும், அதுவும் மறையும். பிறகு வெளியே ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் உள்ளே கிடந்து இதயத்துக்கும் மூளைக்கும் போகக்கூடும். சிறுநீர் எரிந்து சீழ் வருவது இன்னொரு நோய், கொனோரியா, வெட்டை என்பார்கள். அதற்கு மருந்து வேறு. ஒரே பயணத்தில் இரண்டையும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மனைவிக்கு ஒன்றுமில்லை என்று அவர் எந்தக் கருவியால் பார்த்தார்? பெண்களுக்குப் புண் உள்ளே வந்து, தெரியாமலே ஆறிவிடும். அவள் நன்றாகத்தான் இருப்பாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான் போய்ச்சேரும். சீக்கிரம் ஊசி போட்டால் தாயோடு பிள்ளைக்கும் அந்த மருந்து எட்டும். நாள் கடத்தினால் நான் பொறுப்பில்லை.

ஊசி பென்சிலின். முதலில் கொஞ்சமாகப் போட்டு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இடுப்பில் பக்கத்துக்கு ஒன்று. பழைய நோய்க்கு வாரம் ஒரு தரமாக மூன்று வாரம். வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேருக்கும் போடவேண்டும். ஒருவருக்குப் போட்டு ஒருவரை விட்டால் அது திரும்ப வந்துவிடும். டாக்டர் சொல்லும்வரை இருவரும் தனித்தனியே படுக்க வேண்டும்.

ஐதராபாத் ரூட்டில் இருக்கும் உங்களுக்கு என் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
அ. சுப்பராயலு, பி.எஸ்ஸி.


விழுப்புரம்
18-10-1984

திண்டிவனம் மணியக்காரர் வீட்டுக் கண்ணையன் மாமா அவர்களின் சமூகத்துக்கு, மருமகள் தையல்நாயகியின் தமையன் சுப்பராயலு எழுதுவது.

வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்குத் தீபாவளி நான் தங்களுக்கு எழுதும் கடிதங்களில் இது நான்காவது. முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. கண்புரை முற்றியதால் கடிதங்களைப் பிறர் படிக்கக் கேட்கிறீர்கள் என்று அறிகிறேன். யார் படித்தாலும் ஒரு வார்த்தை விடாமல் படிக்கட்டும்.

1981 தை மாதம் தங்கள் வீட்டில் வளைகாப்பு. தாய் தகப்பன் இல்லாத என் தங்கைக்குத் தாய்வீடு என்றால் நான்தான். பதினொரு தட்டு வரிசையோடு வந்தேன். சந்தனக் கிண்ணத்தை நான் எடுத்தபோது தாங்கள் சபையில் சொன்னது இது: "ஊரான் ரத்தத்தயும் மூத்திரத்தயும் தொட்ற கையாச்சேப்பா அது. கிண்ணத்த வெச்சிட்டு ஓரமா ஒக்காரு." சபை சிரித்தது. நான் சாப்பிடாமல் எழுந்தேன்.

அரசாங்கம் மணியக்காரர் பதவியை எடுத்துவிட்ட வருத்தத்தில் சொல்லியிருப்பீர்கள் என்று என் மனைவி சொல்கிறாள். அதே அரசாங்கம் என்னைப் பதினோரு வருஷமாக ஒரே நாற்காலியில் வைத்திருக்கிறது. நான் யாரையும் ஓரமாக உட்காரச் சொல்லவில்லை.

தாங்கள் மன்னிப்புக் கேட்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டாலும் தருவதாக இல்லை. என் தங்கைக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. தாய்வீட்டு உரிமையில் ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளை ஒரு நாள் இங்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
அ. சுப்பராயலு, பி.எஸ்ஸி.,
ஆய்வக நுட்பநர்


திண்டிவனம்
2-11-84

அன்புள்ள சுப்பராயலு தம்பிக்கு ஆசீர்வாதம். கண்ணையன் சொல்ல, தையல்நாயகி எழுதறது.

தேகம் சுகம். இருமல் இருக்குது. ஐப்பசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போயி அங்காளம்மனுக்கு வேண்டிக்கினு வந்தோம். செம கூட்டம், கால வைக்க எடமில்ல.

உங்க காகிதத்தப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன். எம்மேல இவ்ளோ பாசம் வெச்சிக்கினு இருக்கீங்களே தம்பி, கண்ணு கலங்கிடுச்சி. இருமலுக்கு ஆடாதோடை கஷாயம் குடிக்கச் சொல்லி எழுதனீங்க, குடிக்கறேன். கண்ணு ஆபரேசன் பண்ணிக்கச் சொல்லி எழுதனீங்க, அதான் பயமா இருக்குது. யோசிக்கறேன்.

பையனயும் மருமவளயும் ஒரு வியாழக்கெழம ஒண்ணா ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி எழுதி இருக்கீங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வர்ற பதினஞ்சாந்தேதி ரெண்டு பேத்தயும் அனுப்பறேன். எஞ்சினு வேலைன்னு பையன் இழுத்தான். "எஞ்சினு கெடக்குது, பொண்டாட்டியக் கூப்ட்டுக்கினு போடா"ன்னு சொல்லிட்டேன்.

மல்லாட்டை இந்த வருஷம் நல்ல வெளச்சல். வறுத்துத் தின்ன ஒரு மூட்ட குடுத்து அனுப்பறேன்.

கண்ணையன்


திண்டிவனம்
6-11-84

மச்சானுக்கு வேங்கடேசன் வணக்கம். நீங்களும் அக்காவும் நல்லா இருக்கணும்.

நான்தான் அந்த மாயவன்.

தையலு மூணு மாசம்னு சொன்ன அன்னிக்கிலேந்து எனக்குத் தூக்கம் இல்ல. இதுவும் போயிடுமோன்னு பயம். அதான் வந்து ரத்தம் குடுத்தேன். வியாழக்கெழம முடிவு வாங்கவும் வந்தேன் மச்சான். ஜன்னல்ல உங்க மூக்குக்கண்ணாடியப் பாத்துட்டு ஓடிட்டேன். பெல்லாரிகிட்ட ஒரு எடத்துல லாரி நிக்கும். நாலு வருஷத்துக்கு முன்ன ஒரு மாசம் புத்தி கெட்டுப் போனேன். அப்புறம் போனதில்ல, சத்தியமா.

இப்ப அப்பா ரெண்டு பேத்தயும் போகச் சொல்லிட்டாரு. எனக்கு ஊசி போட்டுக்கறது பெருசில்ல. அதுகிட்ட சொல்றதுதான் வாய் வரல. ரெண்டு புள்ளயும் என்னாலதான் போச்சின்னு எப்பிடிச் சொல்லுவேன்? நீங்க ஒரு வார்த்த, ரத்தம் கம்மி, சத்து ஊசின்னு சொல்லிடுங்க மச்சான். காலுல விழறேன்.

வேங்கடேசன்


விழுப்புரம்
9-11-1984

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்கள் உண்மை எழுதியதில் எனக்குச் சந்தோஷம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சத்து ஊசி என்று சொல்ல மாட்டேன். என் தங்கைக்கு என்ன போடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவேண்டும். தெரியாதவர்கள் முதல் ஊசியின் வலியிலேயே இரண்டாவதுக்கு வராமல் நின்றுவிடுவார்கள். நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதற்காக நானே போய்ச் சொல்லவும் மாட்டேன். அது உங்கள் வாயால் வரவேண்டியது. திண்டிவனத்திலிருந்து இங்கே வர பஸ்ஸில் ஒரு மணி நேரம். பேசுவதற்கு அது போதும்.

இன்னொரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு நான் எழுதியதில் இருமலும் இல்லை, கஷாயமும் இல்லை. எட்டிக்காயை அனுப்பினேன், கற்கண்டு கிடைத்ததாகப் பதில் வருகிறது. கேலி செய்கிறாரா? அது போகட்டும். நான் தையலுவை மட்டும்தான் அனுப்பச் சொல்லியிருந்தேன். "ரெண்டு பேரும்" என்றோ "வியாழக்கிழமை" என்றோ எழுதவில்லை. அந்த இரண்டையும் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் மட்டுமே எழுதினேன்.

யோசியுங்கள். எனக்கு ஒரு ஊகம் வந்துவிட்டது, எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
சுப்பராயலு, பி.எஸ்ஸி.


திண்டிவனம்
18-11-84

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் தையல்நாயகி எழுதுவது.

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ சொன்ன மாதிரியே முதல் ஊசிக்கு அன்றைக்குக் காய்ச்சல் அடித்தது, மறுநாள் விட்டுவிட்டது. வயிற்றில் வலி எதுவும் இல்லை. பிள்ளை நன்றாக அசைகிறது. உன் மாப்பிள்ளை மூன்று நாளாக லாரி சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்துதான் ஓட்டுகிறார். பாவம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ ஒன்றும் கேட்கவில்லை. மூன்றே முக்கால் வருஷம் கழித்துத் தங்கச்சியைப் பார்க்கிறாய், தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

பஸ் ஏறும்போதே அவருக்கு வியர்த்தது. கூட்டேரிப்பட்டில் ஆரம்பித்தார், விக்கிரவாண்டியில்தான் முடித்தார். "எனக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தன்" என்று இரண்டு தரம் ஆரம்பித்து அவரே நிறுத்தினார். அப்புறம் "இல்ல தையலு, நான்தான்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"ஆயுத பூஜைக்கு லாரி கழுவனது யாரு? ரெஞ்சு சுத்தி வெச்ச துணியில எங்க அண்ணன் காகிதம் எதுக்கு இருக்குது?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"நாப்பது நாளு உப்பில்லாம இருந்தவராச்சே, எத்தினி நாளு சொல்லாம இருப்பீங்கன்னு பாத்தேன்."

அதற்கப்புறம் அவர் அழுதார். பக்கத்து சீட்டு அம்மாள், "யார்னா செத்துட்டாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டது. "ஆமாம்மா, ரெண்டு பேரு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். "வேங்கடேசன், தகப்பனார் கண்ணையன், திண்டிவனம், லாரி" என்று சத்தமாகச் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உனக்குக் கேட்டிருக்கும்.

கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். முதல் பிள்ளை பெண். கையில் வாங்கிப் பார்த்தது நான். அந்தக் கோபம் என்னுடையது. எப்போது எப்படித் தீர்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும். அதில் உனக்குப் பங்கு கேட்காதே. நீ பழைய கோபத்தையே வைக்க இடமில்லாமல் இருக்கிறவன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுவது நான்தான். நீ எழுதியதை அப்படியே படித்தால் இந்த வீட்டில் நான் எப்படிச் சோறு தின்பது? முதல் வருஷம் உன் கடிதம் வந்தபோது, "மாமா, பெரியவர்கள் சொன்ன சொல்லை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை" என்று படித்தேன். மாமா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். வெட்கம், பதில் எழுதச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் அதே மாதிரிதான் படித்தேன். இந்தத் தீபாவளிக்கு "இரண்டு பேரும், வியாழக்கிழமை" என்று சேர்த்துப் படித்தேன்.

நீ என்னைத் திட்டி எழுதலாம். அதையும் நான்தான் படிப்பேன்.

தையல்நாயகி


விழுப்புரம்
14-3-1985

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தாயும் சேயும் நலம். பெண். இரண்டு கிலோ எண்ணூறு. பிறந்தவுடனே அழுதாள், இன்றுவரை நிறுத்தவில்லை. உங்கள் அப்பாவின் குரல்.

தை மாதம் வளைகாப்புக்கு நான் வீட்டுக்குள் வராமல், ருக்குவிடம் வரிசையைக் கொடுத்தனுப்பிவிட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காத்திருந்து தையலுவை அழைத்து வந்ததை நீங்கள் தவறாக நினைக்கவில்லை என்று தெரியும். அந்த டீ மகா மட்டம்.

குழந்தைக்கு உடம்பில் தடிப்போ மூக்கொழுக்கோ எதுவும் இல்லை. டாக்டர் முழுவதும் பார்த்துவிட்டார். தாயின் ரத்தத்தில் பழைய அடையாளம் இருப்பதால் குழந்தையிடமும் கொஞ்சம் தெரியும், அது மூன்று மாதத்தில் மறைய வேண்டும். நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ரத்தத்தில் அந்த முப்பத்திரண்டு மடங்கு எட்டாக இறங்கியிருக்கிறது. ஊசி போட்டதிலிருந்து ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் வந்து ரத்தம் கொடுக்கவேண்டும். ஊசி ஒரு தரம் குணமாக்கும், மறுபடி வராமல் காவல் காக்காது. பெல்லாரிப் பக்கம் லாரி நின்றால் நீங்கள் லாரியிலேயே இருங்கள். உங்கள் தோழர்களுக்கு நிரோத் ஆணுறை கொடுங்கள், இலவசமாகத் தருகிறோம். லாட்ஜ் வைத்தியர் விலாசத்தையும் பரப்பாதீர்கள்.

மாயவன் என்ற அட்டையை இன்று மூடினேன்.

அன்புடன்,
சுப்பராயலு


திண்டிவனம்
9-6-85

அன்புள்ள தம்பி சுப்பராயலுக்கு கண்ணையன் ஆசீர்வாதம். மருமவள் கையால எழுதறது.

எல்லாரும் சுகம். பேத்தி கவுந்து படுக்கறா. வர்ற ஆவணியில காது குத்தணும். தாய்மாமன் மடி நீங்கதான். வளைகாப்புக்கு வந்து டீக்கடையில நின்னீங்களாமே, டீக்கடைக்காரன் சொன்னான். எனக்கு அவமானமா போச்சி தம்பி. அன்னிக்கி நான் வாய்க்கொழுப்புல சொன்ன சொல்லு. நீங்க அந்த வருஷமே மனசுல வெச்சிக்கலன்னு எழுதனீங்க. அந்த தைரியத்துலதான் இப்ப கூப்புடறேன். நீங்க எழுதன நாலு காகிதமும் தகரப்பெட்டியில பத்தரமா இருக்குது. ரத்தத்தப் பாத்து என்னாவோ கண்டுபுடிச்சி, எம் பேத்திய நீங்கதான் காப்பாத்திக் குடுத்தீங்கன்னு பையன் சொன்னான். எந்தக் கையச் சொன்னேனோ அந்தக் கை.

கண்ணு ஆபரேசனுக்கு ஒத்துக்கினேன். ஆடி மாசம் பாண்டிச்சேரியில பண்றாங்க. கண்ணு தெரிஞ்சா மொதல்ல பேத்தியப் பாப்பேன். அப்புறம் உங்க நாலு காகிதத்தயும் எடுத்து நானே ஒருவாட்டி படிப்பேன்.

கண்ணையன்

அண்ணா, பெட்டிச் சாவி இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது. தை.


விழுப்புரம்
16-6-1985

தையலு,

நானும் அண்ணியும் நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று உன் மாமனார் எழுதியதை, அதாவது நீ எழுதியதை, நம்புகிறேன். கீழே இருக்கும் பத்தி மாமாவுக்கு. இதையாவது எழுத்துக்கு எழுத்து அப்படியே படி.

மாமா அவர்களுக்கு. தங்கள் அழைப்பு கிடைத்தது. வருகிறேன். குழந்தையை என் மடியில்தான் வைக்கவேண்டும், சந்தனத்தை நான்தான் தொட்டு வைப்பேன். கையை டெட்டால் போட்டுக் கழுவிக்கொண்டு வருவேன். சந்தேகம் இருந்தால் தாங்கள் மோந்து பார்த்துக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். மல்லாட்டை நன்றாக இருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உனக்கு மட்டும். பாப்பாவின் மூன்று மாத ரத்தம் பார்த்தேன். எதிர்வினை இல்லை. விதிப்படி ஒரு தரம் பார்த்தால் போதும். நான் மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். என்னைவிட ஆறு வருஷம் இளையவர், எனக்கு வரவேண்டிய பதவியில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தேன். இதை வேறு யாருக்கும் படித்துக் காட்டாதே.

பெட்டி விஷயம். அந்த நாலு கடிதங்களையும் எடுத்து வெந்நீர் அடுப்பில் போடு. 1982-ல் எழுதியது மட்டும் நடை நன்றாக அமைந்தது, அதை எனக்கு அனுப்பிவிடு. கண் தெரிந்தபின் அவர் பெட்டியைத் திறந்தால் வெறும் பெட்டியாக இருக்கக்கூடாது. நாலு வருஷமும் நான் எழுதியதாக நீ என்னென்ன படித்தாயோ, ஞாபகம் இருக்கும் வரைக்கும் வரிக்கு வரி எழுதி அனுப்பு. என் கையால் எழுதித் தருகிறேன், இருமலும் கஷாயமும் உட்பட. பொய்யாயிற்றே என்று நினைக்காதே. எழுதிப் பார்க்கப் போகிறேன் என்று முடிவு செய்தபோது யோசித்தேன். அவற்றில் இப்போது தேதி மட்டும்தான் பொய்.

இந்தக் கடிதத்தின் அடியில் என்ன போடுவது என்று அரைமணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். பி.எஸ்ஸி. என்று போட்டால் அண்ணி சிரிப்பாள். 'தங்கள் அன்புள்ள' என்று போட இன்னும் கை வரவில்லை. அதற்கு ஆவணி வரை நாள் இருக்கிறது. கையெழுத்தில்லாத காகிதத்தை முப்பது வருஷ மணியத்தில் தொடாதவர் உன் மாமா. இதைத் தொடட்டும். நீ படித்து முடிக்கும்போது எப்படியும் உன் இஷ்டத்துக்கு ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் போகிறாய். அதற்கு இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.